பழைய கிணறு இருக்க, ஷேலை உடைப்பானேன்?

திருவண்ணாமலை எண்ணெய் ஊறாத கருங்கல் பூமி. ஆனால், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கும் பேருந்துகள் ஓடுவது டீசலில்தான். நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆகவே, உள்நாட்டில் எண்ணெயே எடுக்கக் கூடாது என்று இந்த ஊரிலிருந்து சொல்வது நேர்மையாகாது. எங்கே எடுப்பது, எதைக் கெடுக்காமல் எடுப்பது என்பதே கேள்வி. ஷேல் பாறைக் கிணறுகளில் வாயுவைச் செலுத்திக் கூடுதல் எண்ணெய் எடுக்கும் அமெரிக்க முறையைக் காட்டி, காவிரிப் படுகை ஷேலையும் திறக்கலாம் என்று வாதிட முடியும். அந்த முறையின் கணக்கையே எடுத்துப் பார்த்தால், டெல்டாவின் ஷேலைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம் என்பது விளங்கும்.

ஷேலின் துளைகள் மிக நுண்ணியவை. எண்ணெய் தானாக நகராது. பூமிக்கடியில் கிணற்றைப் பக்கவாட்டில் நெடுந்தூரம் துளைத்து, மணலும் ரசாயனமும் கலந்த நீரை அழுத்திப் பாறையை உடைத்தால்தான் கசியும். அமெரிக்காவில் இதற்கு ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகிறது. அப்படி உடைத்தும், பாறையில் உள்ள 100 பீப்பாயில் வெளியே வருவது ஏறக்குறைய 5 முதல் 10 பீப்பாய்தான். வரத்தும் ஓரிரு ஆண்டுகளில் சரிந்துவிடும். அதன் பிறகே வாயு வருகிறது. இயற்கை எரிவாயுவையோ கரியமில வாயுவையோ அதே கிணற்றில் உயர் அழுத்தத்தில் செலுத்தி, சில காலம் மூடிவைத்துத் திறக்கிறார்கள். வாயு எண்ணெயில் கரைந்து, அதை உப்பவைத்து, இளக்கி வெளியே தள்ளுகிறது. டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு பகுதியில் இதைச் செய்த இஓஜி நிறுவனம், எடுக்கும் அளவு 30 முதல் 70 சதவீதம் வரை கூடும் என்று 2016இல் அறிவித்தது. 8 பீப்பாய் கிடைத்த இடத்தில் 10 முதல் 14 கிடைக்கும் என்பதே இதன் பொருள். மீதி 86 பீப்பாய்க்குக் குறையாமல் பாறைக்குள்ளேயே கிடக்கும். வடக்கு டகோட்டாவின் பாக்கன் பகுதிச் சோதனைகளில் இந்தப் பலனும் கிட்டவில்லை.

வழக்கமான எண்ணெய் வயல்களின் நிலை வேறு. அங்கே பாறையை உடைக்காமலே மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் கிடைக்கிறது. மிஞ்சியதை எடுக்கத்தான் வாயு தேவைப்படுகிறது. இத்தகைய மீட்புக்கு வரிச்சலுகை தரும் கொள்கையை மத்திய அரசு 2018இல் கொண்டுவந்தது. குஜராத்தின் கோயலி சுத்திகரிப்பு ஆலையில் வெளியாகும் கரியமில வாயுவைப் பிடித்து, கந்தார் எண்ணெய் வயலில் செலுத்த ஓஎன்ஜிசியும் இந்தியன் ஆயிலும் 2019இல் ஒப்பந்தம் செய்தன. நரிமணம், கமலாபுரம், புவனகிரி போன்ற காவிரிப் படுகை வயல்களிலும் இதற்கு வாய்ப்பு உண்டா என்று முதலில் ஆராயலாம். புதிய நிலம் தேவையில்லை. தமிழக அரசின் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் ஷேல் உள்ளிட்ட புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடப்பவற்றை அது நிறுத்தவில்லை.

ஷேலில் வாயு செலுத்தினால் புதிதாகத் தண்ணீர் வேண்டாமே என்று கேட்கலாம். வாயு செலுத்தும் கட்டத்துக்கு அது உண்மைதான். ஆனால், தண்ணீரைக் கொட்டி உடைத்த கிணறு முன்பே இருந்தால்தான் அந்தக் கட்டமே வரும். அமெரிக்காவில் அத்தகைய கிணறுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இங்கோ, மத்திய அரசின் 2013 கொள்கையின்படி ஷேல் தேடத் தொடங்கியும் வணிக உற்பத்தி இன்றுவரை வரவில்லை. சாத்தனூர் அணையின் 119 அடியில் எத்தனை அடி நிரம்பியிருக்கிறது என்று பார்த்து நடவைத் தீர்மானிக்கும் திருவண்ணாமலை விவசாயிக்கு, மேட்டூர் நீரை எதிர்பார்த்து நிற்கும் டெல்டா விவசாயியின் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை. கரியமில வாயுவை மண்ணுக்குள் பூட்டுவது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே என்ற வாதமும் ஓரளவு சரி. ஆனால், அதைப் பூட்டப் பழைய வயல்களே போதும். எடுத்த எண்ணெய் எரியும்போது வரும் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய கிணறுகளில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதை மக்கள் மறக்கவில்லை. உயர் அழுத்த வாயுவைத் தாங்குமா என்று ஒவ்வொரு கிணற்றின் குழாயையும் சிமென்ட் பூச்சையும் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் கிராம சபையின் முன் வைக்க வேண்டும். ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மாற்றப்பட்ட விதியை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். வேளாண் மண்டலச் சட்டத்துக்கு வெளியே உள்ள ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில், ஷேலை உடைக்கும் எந்தத் திட்டத்தையும் மாநில அரசு அனுமதிக்கக் கூடாது. இருக்கும் கிணற்றில் மிஞ்சியதைப் பாதுகாப்பாக எடுக்கட்டும். சோறு போடும் நிலத்தின் அடியில் புதிய விரிசல் வேண்டாம்.