வால்வு தொட்டதெல்லாம் இனிக்காது

வால்வு ஆம்ப்ளிஃபயரில் எந்த ஹெட்ஃபோனைச் செருகினாலும் ஒலி இனிமையாகிவிடும் என்று இசைப்பிரியர்கள் பலர் அடித்துச் சொல்கிறார்கள். இதை நம்பிப் பணம் போட்டவருக்குப் பாஸ் குழம்பி, குரல் மங்கிக் கேட்கும்போது பழி ஹெட்ஃபோன் மேல் விழுகிறது. நல்ல கருவி ஒன்று செய்யாத குற்றத்துக்கு விலைபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவர்கள் முதலில் சொல்வது, ஓம் குறைந்த ஹெட்ஃபோனை இயக்குவது எளிது என்பது. கைபேசிக்கு அது பொருந்தும். கைபேசியால் தர முடிந்த மின்னழுத்தமே குறைவு. வால்வின் இயல்பு நேர்மாறானது. மின்னழுத்தத்தைத் தாராளமாகத் தரும், மின்னோட்டத்தை அளந்துதான் தரும். வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓ.டி.எல். வகையில் பேர்பெற்ற பாட்டில்ஹெட் கிராக்கை எடுத்துக்கொள்வோம். அதன் வெளியீட்டு வால்வு 6080. மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சீராக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது; வால்வுகளில் உள்தடை மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. அப்படியிருந்தும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஏறத்தாழ 120 ஓமில் வந்து நிற்கிறது. 300 ஓம் சென்ஹைசர் ஹெச்டி 600-ஐச் செருகினால் மின்னழுத்தத்தில் 71 சதவீதம் ஹெட்ஃபோனுக்குப் போகும். 32 ஓம் ஹெட்ஃபோனுக்குப் போவது 21 சதவீதம்தான். மிச்சமெல்லாம் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே கரைகிறது.

அடுத்தது, குழைவு வால்விலேயே இருக்கிறது, ஹெட்ஃபோன் எதுவானாலும் அது வந்துசேரும் என்ற வாதம். என் பார்வையில் பெரிய பிழை இதுதான். அந்தக் குழைவில் கணிசமான பங்கு, வெளியீட்டு இம்பீடன்ஸும் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸும் சேரும் விதத்தில் பிறக்கிறது. 300 ஓம் என்று அட்டையில் போட்டிருக்கும் ஹெச்டி 650, 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒத்ததிர்வில் சுமார் 500 ஓமுக்கு ஏறுகிறது. அந்த இடத்தில் கூடுதல் மின்னழுத்தம் கிடைப்பதால் பாஸ் ஒரு டெசிபல் அளவுக்கு உயரும். மிருதங்கத்தின் தொப்பிக்குச் சற்றுச் சதை போட்டதுபோல அது காதுக்கு இதமாக இருக்கும். 32 ஓமிலிருந்து 60 ஓமுக்கு ஏறும் ஒரு ஹெட்ஃபோனில் இதே கணக்கு 4 டெசிபல் உயர்வாகிறது. மின்வழித் தணிப்பும் குறைவதால் டயஃப்ரம் அடங்க நேரம் பிடிக்கும். பாஸ் நீண்டு குழம்பும். தட்டையான படலத்தால் ஒலி எழுப்பும் பிளேனார் வகை ஹெட்ஃபோனுக்கோ இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே மட்டம். அங்கே இந்த உயர்வு எழவே வழியில்லை.

இனிமை தர இரண்டாம் ஹார்மோனிக் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒற்றை டிரையோட் வால்வின் திரிபில் அதுவே மேலோங்கும். ஆனால் பாரம் கூடக்கூடத் திரிபும் கூடும். வால்வு தாங்காத அளவு மின்னோட்டத்தைக் குறைந்த ஓம் ஹெட்ஃபோன் கேட்டால் அலையின் முகடு வெட்டுப்படும். அந்தக் கரகரப்பை யாரும் இனிமை என்று சொல்லமாட்டார்கள்.

பிளேனாருக்கும் வால்வின் சக்தி தாராளமாகப் போதும் என்பதை எண்களே மறுக்கும். ஹைஃபைமேன் ஹெச்இ-6 50 ஓம். ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அது 110 டெசிபலை எட்ட ஏறத்தாழ 450 மில்லிவாட் வேண்டும், அதாவது 95 மில்லிஆம்பியர். ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும் ஹெச்டி 650 அதே ஒலியை 7.5 மில்லிஆம்பியரில் தந்துவிடும்.

வால்வை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி, பழைய முல்லார்டையும் டெலிஃபங்கனையும் பெரும் விலைக்கு வாங்கவைக்கிறார்கள். முன்நிலை வால்வை மாற்றுவதால் வெளியீட்டு இம்பீடன்ஸ் குறையாது.

வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ளவையும், வெளியீட்டில் டிரான்சிஸ்டர் வைத்த ஹைப்ரிட் வகையும் வேறு கதை. நல்ல வடிவமைப்பில் அவை குறைந்த ஓமையும் செம்மையாக இயக்கும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது வெளியீட்டு இம்பீடன்ஸ் எவ்வளவு என்பதைத்தான். பையர்டைனமிக் டிடி 880 மாடலே 32, 250, 600 ஓம் என்று மூன்று வகையில் வந்திருக்கிறது. ஓ.டி.எல். வைத்திருப்பவர் 600 ஓமை வாங்கட்டும்.