மதகும் துறைமுகமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைக் கடந்தால் மூதூரும் சேருவிலவும் ஈச்சிலம்பற்றும் உள. அப்பகுதி வயல்களுக்கு நீரூட்டுவது மாவிலாறு. 2006 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் நாள் அதன் மதகை விடுதலைப் புலிகள் அடைத்தனர். ஊர்மக்களின் குறைகளைக் காரணங் காட்டினரெனினும், உழவனின் வாய்க்காலை மறித்தல் அறமாகாது. அந்நீரை நம்பியிருந்தோர் சிங்களவர் மட்டுமல்லர். முஸ்லிம்களும் தமிழரும் ஆவர்.

அதற்கு அரசு கண்ட மருந்து யாது? ஐந்து நாள் கழிந்ததும், ஜூலை 26 இல், விமானங்கள் குண்டு பொழிந்தன. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை அப்போதும் நடைமுறையில் இருந்தது. நோர்வேயின் தூதும் ஓய்ந்திருக்கவில்லை. ஆகஸ்ட் 6 ஆம் நாள் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவரே மதகைத் திறப்பிக்கச் சென்றார். அவ்விடத்தருகே அரசபடையின் எறிகணைகள் வீழ்ந்தன. நீரே வேண்டுமெனின், திறக்கச் சென்றவர் வழியில் எறிகணை எதற்கு? இரண்டு நாளில் மதகு திறந்தது, போர் நிற்கவில்லை. செப்டெம்பர் 4 ஆம் நாள் சம்பூர் படையினர் வசமாயிற்று.

அரசின் சார்பிற் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. சம்பூரிலிருந்த பீரங்கிகள் துறைமுகத்தை அச்சுறுத்தியது மெய். அங்ஙனமாயின் அதனையே காரணமாக நாட்டின்முன் வைத்து வாதிட்டிருக்க வேண்டும். ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று பெயர் சூட்டினர். போர்ப் பிரகடனம் எதுவும் செய்திலர். போரென்று ஒப்பாத போரின் எல்லை எதுவென எவர் கேட்பது? மதகு சம்பூராயிற்று, சம்பூர் கிழக்காயிற்று; 2008 ஜனவரியில் உடன்படிக்கையும் கைவிடப்பட்டது; 2009 மே வரை குருதி ஓடிற்று. சோழர் இருவர்க்கிடையே நின்று போர் தவிர்க்கச் சொன்ன கோவூர் கிழாரை வகுப்பறையில் ஆண்டுதோறும் போற்றுகிறோம். அத்தகையோர் குரல் அந்நாளில் அரசவையில் எடுபடவில்லை.

அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் புலிகள் மூதூருள் நுழைந்தனர். இருதரப்புப் பீரங்கிகளுக்கும் இடையே அகப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கந்தளாய்க்கு ஓடினர். 4 ஆம் நாள், பட்டினி ஒழிப்புக்கென உழைத்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர், 16 தமிழரும் ஒரு முஸ்லிமும், தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்காக எவரும் இன்றளவும் தண்டிக்கப்பட்டிலர். சம்பூர் மக்களோ அகதி முகாம்களில் ஆண்டுகள் பல கழித்தனர். அவர்தம் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே மீண்டன. திரும்பி வந்தோர், புதர் மண்டிய நிலத்தில் தம் வீட்டு அத்திவாரம் எதுவெனத் தேட வேண்டியதாயிற்று.