பழைய டிரைவரைத் தூக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு!

லினக்ஸ் கெர்னலிலிருந்து ஒரு பழைய டிரைவரை நீக்க எவ்வளவு காலம் ஆகும்? ஐடிஇ டிரைவர் விஷயத்தில் 18 வருஷம் ஆச்சு. அகலமான பட்டை கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் மாட்டின காலத்து கோடு அது. அதற்கு மாற்றான 'லிப்ஏடிஏ' 2003-லேயே வந்துடுச்சு. பழசு கிளம்பினது 2021-ல், கெர்னல் 5.14-ல்தான்.

யாரும் அதிகம் தொடாத கோடுதானே, ஒரு மூலையில கிடந்துட்டுப் போகட்டுமேன்னு தோணும். ஆனா அது சும்மா கிடக்காது. எல்லா டிஸ்க்குக்கும் பொதுவான பிளாக் லேயரில் இந்த ஒரு டிரைவருக்காகவே சில ஒட்டுவேலைகளை விட்டுவைக்க வேண்டியிருந்தது. பொது அடுக்கில் கை வைக்கும் ஒவ்வொருவரும் இதையும் உடையாமல் பார்த்துக்கணும். சோதிச்சுப் பார்க்கவோ பலர் கையில் அந்த ஹார்டுவேரே கிடையாது.

அதுக்காக ஒரே வெட்டா வெட்டிடவும் முடியாது. பழைய டிரைவரில் டிஸ்க்கின் பெயர் 'ஹெச்டிஏ'. லிப்ஏடிஏ-வில் அதே டிஸ்க் 'எஸ்டிஏ' ஆகிடும். செட்டிங்ஸ் ஃபைலில் பழைய பெயர் எழுதியிருந்தா, அப்டேட்டுக்கு அப்புறம் சிஸ்டம் பூட் ஆகாமலே போகலாம். பெயருக்குப் பதிலா யுயுஐடி எண்ணைக் கொடுக்கும் வழக்கம் பரவினதுக்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். இன்னொரு இழப்பும் இருந்தது: பழையதில் ஒரு டிஸ்க்கை 63 பார்ட்டிஷன் வரை பிரிக்க முடிஞ்சது, புதுசுல 15-தான். ஃபெடோரா 7 இந்த மாற்றத்தை 2007-லேயே செய்தது. மற்ற டிஸ்ட்ரோக்களும் மெல்ல மாறின.

கடைசி கட்டத்தை நடத்திய விதம்தான் எனக்குப் பிடிச்சது. 2021-ல் நீக்கப்படும்னு 2019-லேயே கோடில் எழுதிட்டாங்க. டிரைவர் லோடு ஆகும்போதெல்லாம் அந்த எச்சரிக்கை வரும். கூடவே, 'உங்க ஹார்டுவேருக்கு ஆதரவு இல்லைன்னா இந்த மெயிலுக்குச் சொல்லுங்க'ன்னு ஒரு முகவரி. என்னைக் கேட்டா, தேதியைவிட அந்த முகவரிதான் முக்கியம். வெறும் தேதி மிரட்டல் மாதிரிதான் இருக்கும்.

பூட் மெசேஜை எத்தனை பேர் படிப்பாங்கன்னு கேட்கலாம், நியாயம்தான். ஆனா அதுக்குள்ள சாதாரண பயனர்களை டிஸ்ட்ரோக்கள் மாற்றி முடிச்சிருந்தன. மிச்சம் இருந்தது அமிகா, அடாரி, பழைய மேக் மாதிரி மெஷின்களை இன்னும் ஓட்டும் சிலர். அந்த மெஷின்களுக்கும் லிப்ஏடிஏ வழி தயாரான பிறகே பழசு போனது. நீக்கும் பேட்ச்சை எழுதுறதைவிட இதுதான் பெரிய வேலை.

அடுத்து ஃப்ளாப்பி டிரைவர். 2019-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் அதை 'அநாதை' என்று குறித்தார். யுஎஸ்பி ஃப்ளாப்பிகளுக்கு இந்த டிரைவரே தேவையில்லை. ஆனா விர்ச்சுவல் மெஷின்களுக்குள் போலி ஃப்ளாப்பி இன்னும் ஓடுது. அதுக்கு நாள் குறிக்கிறதா இருந்தா, முதல்ல அந்த விர்ச்சுவல் மெஷின்காரங்களைத்தான் கேட்கணும்.