குப்பைக்குப் போவது பழமா, காசா?

கூலி வாங்கி வரும் தந்தை, குழந்தைகளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வருகிறார். மூன்றாம் நாள் பாதிப் பழம் குப்பைக்குப் போகிறது. போவது பழம் மட்டும் அல்ல, உழைத்த காசு!

பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயு பக்கத்தில் உள்ள காயையும் பழுக்க வைக்கும். பாட்டிமார் மாங்காயை வைக்கோலில் மூடி வைத்தது இதனால்தான். வாயு வெளியே போகாமல் தங்கும். காய் சீக்கிரம் பழுக்கும்.

வாழைப்பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும். காற்றுப்படும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

திராட்சை, பறித்த பின் பழுக்காது. அதைப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் கழுவாமல் வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சாப்பிடும்போது கழுவினால் போதும்.

அழுகிய பழம் ஒன்று இருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். கூடை முழுவதும் கெட்டுவிடும்.

மாங்காயை அவசரமாகப் பழுக்க வைக்கக் கார்பைட் கல் வைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் இது சட்டப்படி குற்றம். அந்தக் கல்லில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கக்கூடும். குழந்தை சாப்பிடும் பழத்தில் அவசரம் எதற்கு? வைக்கோல் இருக்கிறது. நாலு நாள் பொறுத்தால் போதும்!