பிடிபட்ட பிறகு தேடாதீர்கள்



இந்தத் தவணை விடுமுறைக்கு வரிப்பத்தான்சேனையில் என் உம்மாவின் வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். வருடத்தில் பெரும்பகுதி உங்கள் தேயிலை மலையில், உங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறேன். விடுமுறைக்கு மட்டும் இறக்காமம் குளத்துப் பக்கம் உள்ள இந்த வயல் ஊருக்கு வருகிறேன். மலையும் வயலும் வேறுவேறுதான். ஆனாலும் இரண்டு இடத்திலும் ஒரு விடயம் ஒன்றாக இருக்கிறது. லயத்திலும் சரி, இங்கே வளவுகளிலும் சரி, அரபு நாட்டில் ஓர் ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2022இல் நாடு வங்குரோத்தானபோது ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தில் அரிசியும் மாவும் வாங்கி, பிள்ளைக்குச் சப்பாத்தும் வாங்க முடியாத தாய், ஏஜென்சிக்காரர் சொல்வதைக் கேட்கத்தான் செய்வார். போகாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. போனவர் அங்கே பிடிபட்டால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதைத்தான் பேச வருகிறேன்.

என் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். உம்மாவின் தங்கை, என் சாச்சி, சில வருடங்களுக்கு முன் வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. கேட்டதற்கு அடி விழுந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அந்த வீட்டை விட்டு வெளியேறி, தெரிந்த பெண்களோடு ஓர் அறையில் தங்கி, வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்தார். அவர் வெளியேறிய உடனேயே, ஆள் ஓடிவிட்டார் என்று முதலாளி முறைப்பாடு கொடுத்திருக்கிறார். சாச்சிக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தெருச் சோதனையில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து போன் வேலை செய்யவில்லை. 41 நாள். மௌத்தாகிவிட்டாரோ என்று உம்மா அழுதுகொண்டே இருந்தார். ஏஜென்சியைத் தேடிப் போனால் கடை பூட்டிக் கிடந்தது. கடைசியில் பிரதேச செயலகத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் ஐந்து கேள்வி கேட்டார். கடவுச்சீட்டு இலக்கம் என்ன? கடவுச்சீட்டில் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது? விசா என்ன வகை? முதலாளியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் என்ன? எந்தத் திகதியில் போனார்? கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் எங்களிடம் பதில் இருந்தது. நாங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர் கடவுச்சீட்டில் இல்லவே இல்லை.

பிறகு அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில், சாச்சி அனுப்பிய காசை எடுத்தபோது தந்த பழைய துண்டு ஒன்று கிடைத்தது. அதில் அவருடைய முழுப்பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பெயரை அனுப்பிய ஒன்பதாம் நாள், நாடுகடத்தும் முகாமில் அவர் இருப்பதாகத் தூதரகத்திலிருந்து தகவல் வந்தது. உடுத்த உடுப்போடு, அவுட்பாஸில் வந்து இறங்கினார். ஐந்து மாதச் சம்பளம் வரவே இல்லை. விமானத்தில் ஏற்றுவதற்கு முன் அரபியில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அந்த 41 நாளும் எங்கள் வீட்டில் ஒரு போட்டோப் பிரதி இல்லாததால் போன நாட்கள்.

சாச்சி எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதமாகிவிட்டார். கபாலா என்ற முறையில் ஒருவருடைய விசா அவரைக் கூப்பிட்ட கபீலோடு கட்டப்பட்டிருக்கிறது. கபீல் இகாமாவைப் புதுப்பிக்காமல் விட்டால், அல்லது ஆள் ஓடிவிட்டார் என்று முறையிட்டால், தப்பு யாருடையது என்று கேட்காமலே தொழிலாளிக்கு விசா இல்லாமற் போகலாம். விசிட் விசாவில் அனுப்பி, போன பிறகு மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் தரகர்களால் போனவர்கள் முதல் நாளிலிருந்தே அந்த நிலைக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

பிடிபட்டவருக்கு உரிமையே இல்லை என்று நினைக்க வேண்டாம். மூன்றை மட்டும் மனதில் வையுங்கள். போகிறவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கும் உரிமை. 1963ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை இதைச் சொல்கிறது. வேற்று நாட்டவர் ஒருவரைத் தடுத்து வைத்தால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதை அந்த அதிகாரிகள் தாமதமின்றி அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டும். "இலங்கைத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்ற ஒரு வசனத்தை அரபியில் பாடமாக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விளங்காத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமல், மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது. சம்பளம் முழுவதும் கிடைத்துவிட்டது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கலாம்.

மூன்றாவது, உழைத்த கூலியைக் கேட்கும் உரிமை. விசா முடிந்துவிட்டது என்பதற்காக, செய்த வேலைக்கான சம்பளம் முதலாளியின் பணமாகிவிடாது. ஐக்கிய நாடுகளின் புலம்பெயர் தொழிலாளர் சமவாயம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. இலங்கை 1996இலேயே அதில் சேர்ந்தது. நம் ஆட்கள் போகும் வளைகுடா நாடுகள் அதில் சேரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த நாடுகளிலும் சொந்தச் சட்டங்கள் இருக்கின்றன. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் சட்டம், வேலை நேரத்துக்கு எல்லை போட்டு, வாராந்த ஓய்வு நாளையும் தந்து, கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைப்பதையும் தடுக்கிறது. சட்டம் இருந்தும் பறித்து வைக்கிறார்கள். அதனால்தான் பிரதி வீட்டில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, பொதுமன்னிப்புக் காலம். விசா இல்லாதவர்கள் தண்டப்பணம் கட்டாமல் நாடு திரும்பவோ விசாவைச் சரிசெய்யவோ அந்த நாடுகள் இடைக்கிடை அவகாசம் தருகின்றன. குவைத் 2024 மார்ச் முதல் ஜூன் வரை தந்தது. ஐக்கிய அரபு இராச்சியம் 2024 செப்டெம்பரில் தொடங்கி டிசம்பர் இறுதிவரை நீடித்தது. ஒளிந்து வேலை செய்யும் பெண்ணுக்கு இந்தச் செய்தி அங்கே எட்டாமற் போகலாம். இங்கே வானொலியில் கேட்கும் நீங்கள்தான் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும். தரகரிடம் போகாமல் நேரே தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். மேலே வழக்கோ முறைப்பாடோ இருந்தால் அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது தோட்டத்துக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என் மாணவர்களின் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 10 வருடம், மணமானவர் என்றால் 7 வருடம் இங்கே வசித்ததை நிரூபி என்றது. விண்ணப்பங்களில் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் அடங்கியிருந்தார்கள். பிரசாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். 1964 ஒக்டோபர் 30இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள். போகிற மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டங்கள் அநீதியானவை. அந்த அநீதி வீட்டு வாசலுக்கு வந்தது, "துண்டு எங்கே, பதிவு எங்கே" என்ற கேள்வியாகத்தான். இன்று அதே கேள்வியை இன்னொரு நாட்டுப் பொலிஸ்காரர் அந்த மக்களின் பேத்தியிடம் கேட்கிறார்.

ஆகவே ஆள் வெளிநாடு போகும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு இருக்க வேண்டும். அதில் இவை இருக்கட்டும்:

- கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தின் பிரதி, விசா, வேலை ஒப்பந்தம், விமானச் சீட்டு.
- வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த பற்றுச்சீட்டு. ஏஜென்சியின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும்.
- கபீலின் பெயர், தொலைபேசி, வேலை செய்யும் நகரம். போன பிறகு கிடைக்கும் இகாமாவின் படம். வீடு மாறினால் புதிய விபரம்.
- அண்மையில் எடுத்த புகைப்படம். கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆங்கிலத்தில் பெயர்.
- காசு அனுப்பிய துண்டுகள். சம்பளம் தரவில்லை, அடித்தார்கள் என்று அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள்.

கோப்பு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். லயத்தில் தீப்பிடித்தால், கூரை ஒழுகினால் முதலில் போவது காகிதம். ஒன்று வீட்டில், மற்றது வேறு வீட்டில் அல்லது சங்கத்தில். விலாசத்தையும் ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் கடிதம் தோட்டக் கந்தோரிலேயே கிடக்கும். டிவிசன், லய இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, இரண்டு தொலைபேசி இலக்கம் எல்லாம் வேண்டும். கதைப்பதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் அழைப்பு வராவிட்டால் 41 நாள் காத்திருக்க வேண்டாம். பணியகத்தின் 1989 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்திலும், கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும் எழுத்தில் கொடுங்கள். பணியகத்தில் பதியாமல் போனவருக்குக் காப்புறுதி கிடைக்காது. ஆனால் அவரும் இந்த நாட்டின் பிரசைதான், தூதரகம் அவருக்கும் உரியது.

வயதையோ பெயரையோ மாற்றி எழுத யாரையும் விடாதீர்கள். எங்கள் கிழக்கு மாகாணத்தில் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 17 வயதில் சவூதிக்குப் போனார். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதியிருந்தார்கள். பராமரித்த குழந்தையின் மரணத்துக்காக 2005இல் கைதாகி, 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டார். அவர் அப்போது சிறுமி என்று இங்கே எல்லோரும் சொன்னோம். கடவுச்சீட்டு வேறு வயதைச் சொன்னது.

பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆசிரியராகச் சொல்ல வேண்டியது உண்டு. தாய் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் ஒரு நாள் கேட்டேன், அம்மா எந்த நாட்டில் என்று. "அரேபியாவில் சேர்" என்றார்கள். நாட்டின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டி கூட்டிவரும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் யார் ஒப்பம் வைப்பது, பாடசாலையில் யார் பொறுப்பு என்பதை, போவதற்கு முன்னரே சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசியில் எழுதி வைக்கலாம். வங்கி, காணி விடயங்களுக்குச் சட்டத்தரணியிடம் அற்றோணித் தத்துவம் எழுதலாம். பிறப்புச் சான்றிதழ்களைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிரசையாகப் பதிய வேண்டும். பிந்தினால் அதற்கென்று தனியாக அனுமதி கேட்க வேண்டிவரும். 2003 முதல் தாய் இலங்கையர் என்றாலே போதும். வெட்கத்துக்குப் பயந்து இதைத் தள்ளிப்போட்டால், அந்தப் பிள்ளை மறுபடியும் நாடற்ற பிள்ளையாகிவிடும்.

"செக்ரோலில் பெயர் இல்லாதவருக்கு, சந்தா கட்டாதவருக்குச் சங்கம் ஏன் அலைய வேண்டும்?" என்று ஒரு கமிட்டிக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். "களவாக வேலை செய்தவருக்கு வக்காலத்தா?" என்றும் கேட்டார்கள். முதல் கேள்விக்கு என் பதில்: அந்தப் பெண்ணின் மாமியார் இன்னும் கொழுந்து பறிக்கிறார், சந்தா கட்டுகிறார். இரண்டாவதற்கு: சம்பளம் தராதவரிடமிருந்து விலகியதைக் களவு என்றால், தோட்டத்தில் நாம் செய்த ஒவ்வொரு வேலைநிறுத்தத்துக்கும் அதே பெயரைத்தான் வைக்க வேண்டும். கைக்காசுச் சண்டைக்குத் துரையிடம் போகும் தலைவர், காணாமற்போன மகளுக்காகப் பிரதேச செயலகம் வரை போக முடியாதா?

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொரு டிவிசனிலும் வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரை எழுதுவோம். மாதர் சங்கத் தலைவியின் பொறுப்பில் ஒரு பெட்டி இருக்கட்டும். குடும்பங்கள் ஒட்டிய உறையில் தரும் பிரதிகளை, அவர்கள் சொன்னால் ஒழிய யாரும் திறக்கக் கூடாது. பாடசாலை திறந்த பிறகு வரும் முதல் சம்பள ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சங்கக் கந்தோரில் இருப்பேன். கடவுச்சீட்டுப் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் இன்றிரவே மகளுக்கோ மனைவிக்கோ மகனுக்கோ போன் எடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு தன் கையில் இல்லை என்று பதில் வந்தால் அதையும் வந்து சொல்லுங்கள். அதற்கான கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.

— தோட்டப் பாடசாலை ஆசிரியர், வரிப்பத்தான்சேனையிலிருந்து