உபதொழிலும் கைத்தொலைபேசிச் செலவும்

கமக்காரர் சிலர், ஓய்வு வேளையில் விருப்பத்துக்காகத் தொடங்கிய சிப்பிக் காளான் வளர்ப்பைச் சிறு வருவாய் தரும் உபதொழிலாக நடத்தி வருகின்றனர். அத்தொழிலுக்கென ஸ்மார்ட் கைத்தொலைபேசி வாங்க எண்ணுவோர், பயனையும் செலவையும் ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

காளான், பறித்த ஓரிரு நாளில் வாடிக் கெடும் பொருளாகும். படத்துடன் செய்தி அனுப்பி, பறிக்குமுன்னரே கொள்வோரைத் தேடிக்கொண்டால் நட்டம் குறையும். அக்கருவியின் மெய்யான பயன் இதுவே. நெடுநாள் கெடாத தேனை விற்பவருக்கு இவ்வவசரம் இல்லை.

கருவியின் விலை 45,000 ரூபா எனவும், அது மூன்றாண்டு உழைக்கும் எனவும் கொள்வோம். மாதத் தேய்மானம் 1,250 ரூபா; இணையக் கட்டணம் 500 ரூபாவெனின், மொத்தம் 1,750 ரூபா. பொதி ஒன்று 125 ரூபாவுக்கு விலைபோகுமெனின், மாதந்தோறும் கெடவிருந்த 14 பொதிகளைக் காத்தாலன்றிச் செலவு ஈடாகாது. மாதம் ஐந்தாறு பொதிகளே கெடும் இடத்தில் புதுக் கருவி நட்டமே தரும். ஆனால் வீட்டில் பிள்ளைகளிடம் கருவி ஏற்கெனவே இருப்பின், நான்கு பொதிகளைக் காத்தலே இணையக் கட்டணத்துக்குப் போதும்.

கடைக்காரருடன் முன்கூட்டிப் பேசவும், 1920 என்னும் இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை பெறவும் சாதாரண கைத்தொலைபேசியே உதவும். பெரும்போகத்து விதைநெல்லுக்கும் பசளைக்கும் ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடுதல் தகாது. முதலில், விலைபோகாது கெடும் பொதிகளை மூன்று மாதம் கொப்பியில் குறித்து வருக. வாங்குவதா, விடுவதா என்பதை அக்கணக்கே கூறும்.