வாங்குகிறவரை மறந்த போட்டி

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ என்னும் கணினி விளையாட்டை மேல்நாட்டுக் கடைகளில் அட்டைப் பெட்டியாக வாங்கியவர்களில் பலர், பெட்டியின் மேல் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். சீட்டில் இருந்தது எபிக் கேம்ஸ் கடையின் சின்னம். அதன் அடியில் அச்சாகியிருந்தது ஸ்டீம் கடையின் சின்னம். பெட்டிகள் அச்சேறிய பிறகுதான் பேரம் முடிந்தது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் தேவையில்லை. விளையாட்டு வெளிவர 18 நாட்களே இருந்த ஜனவரி 28-ஆம் தேதியன்று, இனி ஓராண்டு காலம் எபிக் கடையில் மட்டுமே அது விற்கப்படும் என்று பிரசுரகர்த்தரான டீப் சில்வர் அறிவித்தது. அதுவரை பல மாதங்களாக ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைக்கும் என்ற அளவில் வாக்குக் காப்பாற்றப்பட்டது. மற்றவர்கள் 2020 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும், அல்லது கடை மாற வேண்டும். வழக்கமாக இத்தகைய விஷயங்களில் மௌனம் சாதிக்கும், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே, நீண்ட முன்பதிவுக் காலத்துக்குப் பின் இப்படிச் செய்வது வாடிக்கையாளர்களுக்கு நியாயமன்று என்று ஸ்டீமின் விற்பனைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தது.

அதன்மேல் எழுந்த கோபம் சாதாரணமானதன்று. அந்த வரிசையின் பழைய விளையாட்டுகளுக்கு ஸ்டீமில் கண்டன மதிப்புரைகள் வந்து குவிந்தன. ஏப்ரலில் ‘பார்டர்லாண்ட்ஸ் 3’ எபிக்கிடம் ஆறு மாத காலத்துக்குப் போகிறது என்று தெரிந்ததும், ஏழு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ‘பார்டர்லாண்ட்ஸ் 2’-க்கும் அதே கதி நேர்ந்தது. இன்னொரு கடையின் மென்பொருளைக் காசில்லாமல் கணினியில் ஏற்றிக்கொள்வதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தொழிலில் உள்ளோரும் பத்திரிகைக்காரர்களும் கேட்டார்கள். ஏகபோகமாக இருந்த ஒரு கடைக்குப் போட்டி வந்தால் சந்தோஷப்பட வேண்டியவர்கள் சினங்கொள்வது விந்தை என்றும் சொன்னார்கள். எனக்கும் அந்நாட்களில் ஏறக்குறைய அதே அபிப்பிராயந்தான் இருந்தது. ஆனால் ஆண்டுகள் சில கழிந்து, பின்னால் நீதிமன்றத்தின் முன் வந்த கணக்குகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, அந்தக் கூச்சலின் நடுவே நியாயமானதொரு வழக்கு இருந்தது என்றும், கூச்சல் காதில் விழுந்த அளவுக்கு வழக்கு காதில் விழவில்லை என்றும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

விவரம் அறியாதவர்களுக்காகச் சற்றுப் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வால்வ் நிறுவனம் ஸ்டீமை 2003-இல் தொடங்கியது. கணினி விளையாட்டுகளைக் குறுந்தட்டில்லாமல், உறையில்லாமல், இணையத்தின் வழியே விற்கும் அந்தக் கடை பதினைந்து ஆண்டுகளில் அநேகமாகச் சந்தை முழுவதையும் தன்வசமாக்கிக்கொண்டது. விற்ற தொகையில் 30 சதவீதம் கடைக்கு, மிச்சம் செய்தவருக்கு என்பது அதன் நியதி. 2018 நவம்பர் இறுதியில், 1 கோடி டாலருக்கு மேல் விற்பவர்களுக்கு அதை 25 ஆகவும், 5 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு 20 ஆகவும் குறைத்தார்கள். சிறிய படைப்பாளிகளுக்கு இந்தத் தயவு கிட்டவில்லை. ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 6-ஆம் தேதி, ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டினால் பெருஞ்செல்வம் ஈட்டியிருந்த எபிக் கேம்ஸ் தன் கடையைத் திறந்தது. அங்கே அன்று கடைக்குரிய பங்கு 12 சதவீதமாகவே இருந்தது. எபிக்கின் சொந்த ‘அன்ரியல்’ எஞ்சின் என்னும் மென்பொருளைக் கொண்டு செய்த விளையாட்டாக இருந்தால், அதற்குத் தர வேண்டிய 5 சதவீத உரிமைத் தொகையும் கடையில் விற்றவரைக்கும் தள்ளுபடி. 60 டாலர் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், அன்றைய கணக்கில் ஸ்டீமில் 18 டாலரும் எபிக்கில் 7 டாலர் 20 சென்டும் கடைக்குப் போகும். மீதமாகும் 10 டாலர் 80 சென்ட், இரவு பகலாக உழைக்கும் ஒரு சிறிய குழுவுக்கு எத்தனை பெரிய தொகை என்பதை நான் மறுக்கவில்லை. எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனி செய்த உபகாரங்களில் இது உண்மையான உபகாரம்.

இந்த மிச்சத்தில் வாங்குகிறவருக்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி. மெட்ரோவின் விலையில் 10 டாலர் குறைத்தார்கள்; அந்தச் சலுகையும் அமெரிக்கச் சந்தையோடு நின்றது. பார்டர்லாண்ட்ஸ் 3 பழையபடி 60 டாலருக்கே விற்றது. விலை குறையாமல் போனாலும், கடையிலாவது வசதிகள் மிகுந்திருக்கலாம். அங்கோ நேர்மாறான நிலை. ஸ்டீமில் விளையாடியவர்களின் மதிப்புரைகளைப் படித்துவிட்டு வாங்கலாம். ரசிகர்கள் செய்த மாற்றங்களை ஒரு சொடுக்கில் சேர்க்கலாம். 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்னும் மென்பொருள் வந்த பிறகு, விண்டோஸ் வாங்க மனமில்லாத லினக்ஸ்காரர்களும் விண்டோஸ் விளையாட்டுகளை ஆடலாம். புதிய கடையில் மதிப்புரை இல்லை. விளையாட்டை விட்ட இடத்தைக் கணினிக்குக் கணினி காப்பாற்றித் தரும் கிளவுட் சேமிப்புகூடத் திறப்பு விழாவின்போது இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு விளையாட்டுகளை எடுத்துவைத்துச் சேர்த்துப் பணம் கட்டுவதற்குரிய கூடை, எந்தச் சிறு இணையக் கடையிலும் முதல் நாளிலேயே இருப்பது, எபிக்கில் 2021 டிசம்பரில்தான் வந்தது.

பணம் இல்லாமல் இந்தக் குறை நேர்ந்ததா என்றால், இல்லை. ஆப்பிளுக்கு எதிராக எபிக் தொடுத்த வழக்கு 2021-இல் விசாரணைக்கு வந்தபோது பல ரகசியங்கள் பகிரங்கமாயின. 2020 என்ற ஒரே ஆண்டில் எபிக் 44 கோடியே 40 லட்சம் டாலரைக் ‘குறைந்தபட்ச உத்தரவாத’மாகத் தர ஒப்புக்கொண்டிருந்தது. விளையாட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் இத்தனை பணம் உனக்கு நிச்சயம், ஆனால் குறித்த காலம் வரை வேறு கடைக்குப் போகக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் சாரம். ‘கண்ட்ரோல்’ என்ற ஒரு விளையாட்டுக்கு மட்டும் 94 லட்சத்து 90 ஆயிரம் யூரோ கொடுக்கப்பட்டது அதன் பிரசுரகர்த்தரின் கணக்கிலிருந்தே வெளியாயிற்று. இரண்டு கடைகள் ஒரே சரக்கை விற்று, விலையிலும் உபசாரத்திலும் ஒன்றையொன்று விஞ்ச முயலுமானால், அதன் பலன் வாங்குகிறவரை வந்தடையும். சரக்கு வரும் வழியிலேயே ஒரு கடைக்காரர் மொத்தமாகப் பணம் கொடுத்து அதை எதிர்க்கடைக்குப் போகாமல் மறித்துவிட்டால், அங்கே நடப்பது செய்தவரின் மனத்தைக் கவர இரு வியாபாரிகள் நடத்தும் ஏலம். வாங்குகிறவர் அந்த ஏலத்துக்கு அழைக்கப்படவே இல்லை. கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இதைவிட ஆழமான புண் ஒன்று உண்டு. அது பொதுமக்களிடம் முன்னதாகப் பணம் திரட்டி ஆக்கப்பட்ட விளையாட்டுகளின் விஷயத்தில் ஏற்பட்டது. யூ சுஸுகி என்ற ஜப்பானியர் படைத்த ‘ஷென்மூ’ கதை, 2001-இல் இரண்டாம் பாகத்தோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. பதினான்கு ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்கள், 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் நிதி கேட்கப்பட்டபோது, ஏறத்தாழ 69,000 பேர் சேர்ந்து 63 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதுவரை வீடியோ விளையாட்டு எதற்கும் அவ்வழியில் அத்தனை தொகை சேர்ந்ததில்லை. கணினிக்கு வேண்டும் என்று குறித்தவர்களிடம், ஸ்டீமில் கிடைக்கும் என்ற எண்ணம் வளர்க்கப்பட்டிருந்தது. 2019 ஜூனில், மூன்றாம் பாகம் எபிக் கடைக்கே பிரத்தியேகம் என்று அறிவிப்பு வந்தது. பணத்தைத் திருப்பித் தரும் பேச்சு முதலில் இல்லை; எதிர்ப்பு வலுத்தபின், எபிக்கின் உதவியோடு, மறுப்பவர்களுக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். பல்கேரியாவிலிருந்து வந்த ‘ஃபீனிக்ஸ் பாயிண்ட்’ இன்னும் வெளிப்படையான உதாரணம். 2017-இல் நிதி திரட்டியபோது, ஸ்டீம் அல்லது ஜிஓஜி கடைக்குரிய சாவி தரப்படும் என்று அதன் கர்த்தாக்கள் எழுத்தில் கொடுத்த வாக்கு, 2019 மார்ச்சில் ஓராண்டுக்குத் தள்ளிப்போடப்பட்டது. அவர்கள் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள் என்பதையும், வரப்போகும் கூடுதல் பகுதிகள் சிலவற்றை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும், உருவமே இல்லாத ஒரு பொருளை நம்பிப் பணம் கொடுத்தவர் விற்பனையில் ஒரு வாடிக்கையாளர் மாத்திரமல்லர். ஆபத்தில் பங்கு கொண்டவர். அவருடைய நம்பிக்கையால் உயிர்பெற்ற பொருள், பெரிய முதலாளி ஒருவர் வந்து விலை பேசியபோது, அவரைக் கேளாமலே கைமாறிற்று. வட்டியில்லாத கடனைத் திருப்பிக் கொடுப்பது போல முதலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடாது.

இவ்வளவும் சொல்லியபின், ஸ்டீமை நியாயஸ்தராகப் பூஜிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004 நவம்பரில் ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளிவந்தபோது, குறுந்தட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட ஸ்டீமில் கணக்குத் தொடங்கி, இணையத்தில் இணைந்தால்தான் ஆடலாம் என்று வால்வ் விதித்தது. எபிக்கை இன்று எந்த வார்த்தைகளால் ஏசுகிறார்களோ, ஏறக்குறைய அதே வார்த்தைகளால் அன்று ஸ்டீமை ஏசினார்கள். வாங்கிய விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் உரிமையை ஸ்டீம் பொதுவாக வழங்கியது 2015 ஜூனில். அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது வழக்குத் தொடுத்திருந்தது. அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2016 இறுதியில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதித்தது. ஆக, வாடிக்கையாளரின் சௌகரியம் கடைக்காரரின் இயல்பான கருணையிலிருந்து பெருகி வந்ததன்று. மேலும், ஸ்டீமை விட்டு நகர மனம் வராததற்கு விசுவாசம் ஒரு பாதிக் காரணமே. பத்து ஆண்டுகளாகச் சேர்த்த நூற்றுக்கணக்கான விளையாட்டுகள், நண்பர்களின் பட்டியல், வென்ற பதக்கங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றை வேறு கடைக்கு எடுத்துச் செல்ல வழியில்லை. சட்டப்படி பார்த்தால் அவை வாங்கியவரின் சொத்துமல்ல, அனுபவிக்கும் அனுமதி மாத்திரமே. வெளியேற முடியாத வீட்டின்மீது உண்டாகும் பற்றையும் அன்பென்றே நாம் நம்பிவிடுகிறோம்.

கோபத்தின் பேரில் நடந்த கொடுமைகளுக்கும் சமாதானம் கிடையாது. ‘ஊப்லெட்ஸ்’ என்ற சிறு விளையாட்டைச் செய்துகொண்டிருந்த இருவர், 2019 ஆகஸ்டில் எபிக்கோடு உடன்பாடு கொண்டதாக அறிவித்ததற்கு, ஆயிரக்கணக்கான வசைகளும் உயிர் மிரட்டல்களும் அவர்களைத் தேடி வந்தன. அவர்கள் யாரிடமும் நிதி திரட்டி வாக்கு மாறியவர்களல்லர். செய்து முடிக்கும்வரை சாப்பாட்டுக்கு வழி தேடிக்கொண்டவர்கள். கோடிகளில் பேரம் பேசியவர்கள் அலுவலகங்களில் பத்திரமாக இருக்க, அடி விழுந்ததெல்லாம் கைக்கெட்டிய எளியவர்கள் மேல். இந்த அநியாயம் நியாயமான வழக்கையும் கெடுத்தது. அதற்குப் பின் யார் எந்த ஆட்சேபம் சொன்னாலும் ‘அந்த மிரட்டல் கூட்டம்’ என்று ஒதுக்குவது சுலபமாகிவிட்டது.

எல்லாப் பிரத்தியேக வெளியீட்டையும் ஒன்றாகப் பாவிக்கவும் கூடாது. 2023 அக்டோபரில் வந்த ‘ஆலன் வேக் 2’ எபிக்கே முதல்போட்டுப் பிரசுரித்த விளையாட்டு. அது ஸ்டீமில் இல்லாததற்காகச் சிலர் வருந்தலாம். ஆனால் அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்த விளையாட்டே வந்திருக்குமா என்பது சந்தேகம். ஒரு பொருளைப் பிறப்பிக்கப் பணம் கொடுத்தவர் அதைத் தன் கடையில் வைத்துக்கொள்வதில் தவறு காண்பது கடினம். முடிந்த பொருளை, பிறர் கடையில் விளம்பரமாகி, பிறர் வாடிக்கையாளரிடம் முன்பதிவும் பெற்ற பின், பறித்துக்கொண்டு போவது வேறு காரியம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததனால்தான் விவாதம் அன்று குழம்பியது.

பலன் என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும். தன் விளையாட்டுகளைத் தன் சொந்தக் கடையில் பூட்டி வைத்திருந்த இஏ நிறுவனம், 2019 இறுதியில் ஸ்டீமுக்குத் திரும்பியது. எபிக்கின் பக்கம் சாய்ந்திருந்த யூபிசாஃப்ட் 2022 இறுதியில் திரும்பியது. பிரத்தியேக உடன்பாடுகளில் சில நன்கு பலித்தாலும் பல நல்ல முதலீடுகளாக அமையவில்லை என்றும், வாராவாரம் விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்ததே உண்மையில் பயன் தந்தது என்றும் ஸ்வீனியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். வாங்குகிறவரின் கையில் எதையாவது கொடுத்தபோது வந்தவர்கள், வழியை அடைத்தபோது வரவில்லை. இதனிடையே 30 சதவீதம் என்ற பழைய நியதி ஸ்டீமில் பெரும்பாலோருக்கு இன்னும் அப்படியே இருக்கிறது என்பதுதான், இந்த நீண்ட சண்டையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி.

விளையாட்டுகளைப் படைப்போரிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. எந்தக் கடையோடும் உடன்பாடு செய்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதைப் பிறர் தடுக்கலாகாது. ஆனால் பணம் வாங்கும்போது எந்தக் கடையைச் சொன்னீர்களோ, அந்தக் கடையிலேயே பொருளைக் கொடுங்கள். கொடுக்க இயலாத நிலை வந்தால், அறிவிப்பு வெளியாகும் அதே நாளில், பணம் கொடுத்தவர்கள் வந்து கேட்பதற்கு முன், பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.